மருதாசலம் ஃபெயிலான ஆடிட்

வெளிநாட்டு ஆடிட்டர் கோயமுத்தூர் விமான நிலையத்தில் கால் வைத்தால் திருப்பூரில் மருதாசலத்துக்கு இடது காது அரிக்கும் என்று பனியன் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். வலது காது அரித்தால் வருவது பெண் ஆடிட்டர். இரண்டும் சேர்ந்து அரித்தால் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஆடிட். அந்த அளவுக்குத் தொழில் அவர் உடம்பில் ஊறியிருந்தது.

பனியன் வாங்குகிற வெள்ளைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். வருகிற ஆள் கக்கூஸில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். தீப்பிடித்தால் ஓடுகிற கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பார். அப்புறம் தையல்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, இங்கே உங்களை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுக்கிறவர்தான் மருதாசலம். விசிட்டிங் கார்டில் 'கம்ப்ளையன்ஸ் மேனேஜர்' என்று இருக்கும். முப்பது வருஷத்தில் அவர் கை வைத்த ஆடிட் ஒன்றுகூடத் தோற்றதில்லை.

"எல்லாம் நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க சாமி," என்று தையல்காரர்களிடம் கெஞ்சுவார். "ஒரு சின்னக் குறை சொல்லோணும். டீயில சக்கரை பத்தலைன்னு சொல்லுங்க. குறை சொல்றவன் பொய் சொல்லமாட்டான்னு அவிய நெனச்சுக்குவாங்க."

ஒரு தடவை இந்தச் சர்க்கரைக் குறையை தையல்காரருக்குத் துணி எடுத்துக்கொடுக்கிற ஒரு கைமடி வேலைக்காரப் பெண் அவ்வளவு உருக்கமாகச் சொன்னதில், டென்மார்க்கிலிருந்து வந்த ஆடிட்டர் கண்கலங்கி, ஊருக்குப் போனதும் கப்பலில் ஒரு மூட்டை சர்க்கரை அனுப்பிவைத்தாராம். மூட்டை வந்து சேர்ந்ததோ இல்லையோ, ஆர்டர் வந்து சேர்ந்தது.

அப்பேர்ப்பட்ட மருதாசலம் ஐம்பத்து மூன்றாம் வயதில் ஒரு காலைப்பொழுது பல் துலக்கப் போனவர், பிரஷ்ஷில் பேஸ்டை வைத்துக்கொண்டு, இதை எதற்காக வாய் வரைக்கும் தூக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கு எதிரே கட்டிக்கொண்டிருந்த மாடிக்குச் சுவர் எழும்பிச் சென்ட்ரிங்கும் போட்டுவிட்டார்கள், மருதாசலம் குழாயடியிலேயே நின்றார்.

காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் தேவலை. வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் சௌக்கியமாக இருந்தாள். அதனால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். தலைவாசல் தென்கிழக்கே நூலிழை சாய்ந்திருக்கிறது என்றார் ஒருவர். ஏசி ரூமில் உட்கார்ந்து மூளை விறைத்துவிட்டது என்றார் இன்னொருவர். எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றார்கள்: "மனசத் தைரியமா வச்சுக்கோணும் மாப்ள."

முதல் டாக்டரின் மாத்திரை வாயை உலர்த்தியது. இரண்டாம் டாக்டரின் மாத்திரை இடுப்பைப் பெருக்க வைத்தது. மூன்றாம் டாக்டர் இரண்டையும் கலந்து கொடுத்தார். வாய் உலர்ந்தபடியே இடுப்பு பெருத்தது. நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த பாறாங்கல் மட்டும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவருடைய மனைவி சுப்புலட்சுமி மூட்டுவலியோடு அவரைக் கூட்டிக்கொண்டு ஏறாத மலை இல்லை. சிவன்மலை, சென்னிமலை, மருதமலை, பழனி. முருகனே பார்த்து, "அம்மணி, அடுத்த வாரம் நானே கீழே இறங்கி வருகிறேன், நீ இந்த முழங்காலோடு ஏறாதே" என்று சொல்லியிருப்பான்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வு உள்ளவர்கள் வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொள்கிற இல்லம் ஒன்று பல்லடத்துக்குத் தெற்கே தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது என்று சுப்புலட்சுமிக்குத் தெரியவந்தது.

"போய்ப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா? அது மருதாசலத்திடம் இல்லை. காரில் ஏறி உட்கார்ந்தார்.

சுப்புலட்சுமி சொந்தத்தில் யாரிடமும் மறைக்கவில்லை. "அவருக்கு மனசு சுகமில்லீங்க. தோப்புக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்காருங்க. கொணமானதும் சொல்றேன்," என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்டால் சர்க்கரை, புற்று, சிறுநீரகம் என்று அவர்களே ஏதாவது ஒரு நோயை வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தோப்பு நல்ல இடம். அங்கே வந்த முதல் நாளிலிருந்து ஒருவர்கூட அவரிடம் 'மனசைத் தைரியமா வச்சுக்குங்க' என்று சொல்லவில்லை. அந்த ஒன்றுக்கே அவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணலாம். காலையில் நடக்கக் கூட்டிப்போவார்கள். 'நடக்க முடியவில்லை' என்றால், 'சரிங்க, அந்த மரம் வரைக்கும்' என்பார்கள். அந்த மரம் வந்ததும், 'இன்னொரு மரம்' என்பார்கள். இப்படி ஏமாற்றியே ஒரு மனிதனை உடுமலை வரைக்கும் நடத்திவிடுவார்கள் போலிருந்தது. அப்புறம் மாத்திரை, பேச்சு, தோட்ட வேலை, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற ஒரு மணி நேரம். சமையல்காரர் யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று தட்டைப் பார்த்தே டாக்டருக்குச் சொல்லிவிடுவார்.

டாக்டர் நித்யஸ்ரீ சின்னப் பெண். ஆள் மருதாசலத்தின் தோளுக்குத்தான் வருவார். கண்ணாடி மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவில் இருந்தது. ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வேலை செய்கிறார் என்று தோப்பில் பேச்சு. உள்ளே தங்கியிருக்கிற ஒவ்வொருவரின் தூக்கமும், பசியும், மலச்சிக்கலும் அவருக்கு மனப்பாடம்.

முதல் திங்கள்கிழமை அவர் மருதாசலத்தை எதிரே உட்கார வைத்தார்.

"சார், இது வாரா வாரம் எல்லாருகிட்டயும் கேக்கறதுங்க. சரியான பதிலு, தப்பான பதிலுன்னு ஒண்ணும் இல்லீங்க. உள்ளது எப்படியோ அப்படியே சொல்லுங்க."

முப்பது வருஷமாக எல்லா ஆடிட்டரும் எதிரே உட்கார்ந்து இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். மருதாசலத்துக்கு இடது காது அரித்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"தூக்கம் எப்படிங்க?"

"முன்னைக்கு இப்பப் பரவாயில்லீங்க மேடம். நடுச்சாமத்துல ஒருக்கா முழிப்பு வருதுங்க. அப்பறம் தூங்கிப்போடறனுங்க."

"சாப்பாடு?"

"சாப்படறனுங்க. காலைல மட்டும் சித்த கம்மியுங்க."

"காலைல எந்திரிக்காமயே போயிட்டா நல்லதுன்னு தோணுதுங்களா?"

"சேச்சே. முன்னெல்லாம் தோணுச்சுங்க. இங்க வந்த பொறகு இல்லீங்க."

அன்று காலையில்கூட அவர் அந்த நினைப்போடுதான் கண்ணைத் திறந்தார். ஆனால் கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள். இந்தப் பெண் தினமும் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெற்ற தகப்பனைக் கேட்பது போல 'இன்னைக்கு எப்படிங்க' என்று கேட்கிறது. இவ்வளவு மரியாதையாகக் கவனிக்கிறவர்களிடம் 'இன்னும் ஒன்றும் குணமாகவில்லை' என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டில் இலையில் உட்கார்ந்துகொண்டு குழம்பு சரியில்லை என்று சொல்வதா? நன்றி என்று ஒன்று இல்லையா? அந்த நன்றியைக் காட்ட மருதாசலத்துக்குத் தெரிந்த ஒரே வழி, ஆடிட்டைப் பாஸாக்கிக் கொடுப்பது. பாஸாக்கிக் கொடுத்தார். டாக்டரின் முகம் மலர்ந்தது. வாய் பாஸாகிவிட்டது. உள்ளே இருந்த ஆள் கட்டிலை விட்டு எழவே இல்லை.

அன்று சாயங்காலம் தோப்பில், அவரைப் போலவே சிகிச்சைக்குத் தங்கியிருந்த ஆத்தப்பன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். மூத்தவர். கண்ணுக்குக் கீழே பை தொங்கும்.

"ஏனுங்க மேனேஜரே, உங்குளுக்கு டாக்டரு பாப்பா சிரிச்சுது. எனக்குச் சிரிக்க மாட்டேங்குதே. என்ன சொன்னீங்க?"

"நீங்க என்ன சொன்னீங்கண்ணா?"

"தூக்கம் வல்லீங்க, சோறு எறங்கலீங்க, ஒண்ணும் புடிக்கலீங்கன்னு உள்ளதச் சொன்னேன். பாவம், அந்தப் புள்ள மொகமே செத்துப்போச்சு. இவ்வளவு பாடுபடுது, அதுக்கு நம்மளால ஒரு சந்தோசம் இல்லை."

அந்தக் கவலை தோப்பில் எல்லோருக்கும் இருந்தது. நாம் தேறவில்லை என்பதைவிட, நாம் தேறாமல் இந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்துகிறோமே என்பது பெரிய சங்கடமாக இருந்தது. குன்னத்தூரிலிருந்து வந்திருந்த தெய்வாத்தாள், இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், அவரே சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, "எனக்குஞ் சொல்லிக் குடுங்க தம்பி. அது சிரிச்சா நல்லா இருக்குது," என்றார்.

மருதாசலம் ஆரம்பித்துவிட்டார். தென்னை மரத்தடியில் பயிற்சி வகுப்பு. அவருக்கே அந்த நேரம் மட்டும் பாறாங்கல் கொஞ்சம் மறந்தது.

"ஆத்தப்பண்ணா, எல்லாம் கொணமாயிருச்சுன்னு சொல்லிப்போடாதீங்க. நம்பமாட்டாங்க. நான் 'நடுச்சாமத்துல ஒருக்கா முழிப்பு வருதுங்க'ன்னு சொன்னாப்புடி ஒரு சின்னக் குறை வேணும். 'பண்ணையில கோழி நெனப்பு வந்தா மட்டும் மனசு கனக்குதுங்க'ன்னு சொல்லுங்க. தெய்வாத்தாக்கா, நீங்க 'மூட்டு வலிச்சா மட்டும் தூக்கம் கெடுதுங்க'ன்னு சொல்லோணும். எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"மூட்டு வலிச்சா மட்டும் தூக்கம் கெடுதுங்க."

"இன்னுங் கொஞ்சம் வலியோட."

"வலிச்சாத்தானே தம்பி வலியோட சொல்றதுக்கு? எனக்கு மூட்டு நல்லாத்தான் இருக்குது."

அடுத்த திங்கள்கிழமை தோப்பே குணமாகிவிட்டது. உலகத்தில் எந்த மனநல இல்லத்திலும் இப்படி ஒரு திங்கள்கிழமை வந்திருக்காது. ஆத்தப்பன் சொன்ன 'கோழி நெனப்பு'க்கு நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் நித்யஸ்ரீ சிரித்த சிரிப்பில் கண்ணாடி இரண்டு தடவை மூக்கிலிருந்து நழுவியது. கடைசியாகத் தெய்வாத்தாள் போய் உட்கார்ந்தார். பாவம், காலையிலிருந்து பக்கத்துப் பெஞ்சில் ஆத்தப்பன் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்ததில், காதில் அதுதான் நிறைந்திருந்தது.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"பரவாயில்லை கண்ணு. பண்ணையில கோழி நெனப்பு வந்தா மட்டும் மனசு கனக்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பண்ணையில கோழி எத்தனை இருக்குதுங்கம்மா?"

"எனக்கேது கோழி? நான் சுத்த சைவமாச்சே."

டாக்டர் சிரித்துவிட்டார். தெய்வாத்தாளுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "கோழிய உடுங்கம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். தெய்வாத்தாள் அழ ஆரம்பித்தார். அந்த வருஷம் கொங்குநாட்டில் மழை குறைந்ததெல்லாம் அன்று ஈடானது. அழுகைக்கு நடுவே, தனக்கு ஒன்றும் குணமாகவில்லை, ஒரு பொட்டுக்கூட ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்.

"யாருங்கம்மா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"அதையெல்லாம் சொல்லமாட்டேன். நல்ல மனுசன்."

நல்ல மனுசன் அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிய முயன்றுகொண்டிருந்தார். மாத்திரை பெருக்கிய இடுப்புக்கு அந்த மரம் போதவில்லை.

அடுத்த நாளிலிருந்து தெய்வாத்தாளுக்குச் சிகிச்சை மாறியது. காலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்குப் பக்கத்தில் ஒரு காந்தக் கருவியைப் பிடிப்பார்கள். எம்ப்ராய்டரி மெஷின் மாதிரி டக்டக்கென்று அடிக்கும். வலியில்லை என்றார். ஆத்தப்பனிடமும் டாக்டர் தனியாக உட்கார்ந்து பேசி, அவர் மாத்திரையை மாற்றினார். மருதாசலத்திடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் வாய் சொன்னதையெல்லாம் உடம்பும் செய்துகாட்டியது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. நடை, தோட்டம், வட்டப் பேச்சு, எதிலும் முதல் ஆள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆடிட் அன்று கம்பெனி எப்படி இருக்குமோ, அப்படி அவர் தினமும் இருந்தார்.

அதனால் வாரங்கள் போக, டாக்டர் நல்ல செய்தி சொன்னார். மாத்திரை வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு, வீட்டுக்குப் போகலாம்.

சுப்புலட்சுமி போனில் கத்தியது பல்லடம் வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும். "ஏனுங்க, நெசமாலுமா? எல்லாருக்கும் சொல்லிடட்டுங்களா?"

"சொல்லு சுப்பு," என்றார் மருதாசலம், அவருடைய ஆடிட் குரலில்.

போனை வைத்துவிட்டு, சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பை மறுபடி நீவிவிட்டார். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் ஆட்கள் வருவார்கள், காப்பி குடிப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் அவரும் அந்த நினைப்பும் மட்டும் இருப்பார்கள். தோப்பில் அந்த நினைப்போடு எழுந்தால், 'அந்த மரம் வரைக்கும் போலாமுங்க' என்று சொல்ல ஒரு ஆள் கதவுக்கு வெளியே நிற்பார். வீட்டில் யார் நிற்பார்? சுப்புலட்சுமி நிற்பாள், அவர் குணமாகிவிட்டார் என்று நம்பிக்கொண்டு. இந்தத் தடவை அவர் விழுந்தால் அவள் மறுபடி மலை ஏறமாட்டாள். முழங்கால் ஏற விடாது. அவருக்கே இன்னொரு தடவை எழுந்து நிற்பேன் என்ற நம்பிக்கை இல்லை.

புதன்கிழமை ஹாலில் தெய்வாத்தாள் டிவிக்கு முன்னால் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இந்த நாடகத்துல மூத்த மருமவ ஊட்டவிட்டுப் போனாளே, திரும்ப வந்துட்டாளா?"

"தெரியலீங்கக்கா."

"நர்ஸம்மாளுக்கும் தெரியல. சமையல்காரருக்கும் தெரியல. என்ற மகளுக்குப் போன் போட்டேன். அவ 'அந்த நாடகம் முடிஞ்சே ஒரு வருசம் ஆச்சு, இது வேற நாடகம்'ங்கறா. அப்ப அவ என்ன ஆனாள்னு யாரத்தான் கேக்கறது?" தெய்வாத்தாள் நிஜமாகவே கோபமாக இருந்தார். கன்னத்தில் ரத்தம் ஓடியது. "காத்தால மொகம் கழுவறப்ப திடீர்னு நெனப்பு வந்துச்சு தம்பி. ரெண்டு வருசமா எதுவுமே நெனப்பு வரலை. இன்னைக்கு அவ நெனப்பு வந்துச்சு."

மருதாசலம் அந்த முகத்தையே பார்த்தார். முப்பது வருஷம் ஆட்களுக்கு முகம் சொல்லிக்கொடுத்தவர். இந்த முகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தனக்கு எதைப் பற்றியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். இருட்டில் வீடு முழுக்கத் தேடியும் ஒரு தீப்பெட்டி கிடைக்காத மாதிரி இருந்தது.

"அன்னைக்கு அந்தக் கோழி என்ற வாயில வந்ததுதான் எனக்கு நல்லதாப் போச்சு," என்றார் தெய்வாத்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததச் சரியாச் சொல்லியிருந்தா, அந்தப் புள்ள நம்பி என்னைய ஊட்டுக்கு அனுப்பியிருக்கும். நானும் போயி எங்கூட்டுச் சுவத்தப் பாத்துப் படுத்திருப்பேன். ஆமா, நீங்க வெள்ளிக்கிழமை போறீங்களாமா? நெசமாலுமே கொணமாயிருச்சா?"

"ஆயிருச்சுங்கக்கா."

"நடுச்சாமத்துல ஒருக்கா முழிப்பு வருமே, அந்த மாதிரி ஆயிருச்சா?"

மருதாசலம் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மினி பஸ் தோப்புக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சுப்புலட்சுமி பட்டுப் புடவையில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பங்காளிகள், மாமன் மச்சான்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த பஸ்ஸில் அவ்வளவு பேரை ஏற்ற வேண்டுமென்றால் மடித்து அடுக்கித்தான் ஏற்றியிருக்க வேண்டும். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? ஆப்பிள், சாத்துக்குடி, பிஸ்கட் டின், அதோடு குலை குலையாக இளநீர். தென்னந்தோப்புக்கு இளநீர் கொண்டுவந்தவர்கள் உலகத்திலேயே அவர்கள்தான்.

உள்ளே டாக்டர் நித்யஸ்ரீ, மருதாசலம், சுப்புலட்சுமி மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தார்கள்.

"தூக்கம் எப்படிங்க சார்?"

"நல்லாத் தூங்கறனுங்க மேடம்." அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் பிள்ளை திருக்குறள் ஒப்பிக்கும்போது முன்வரிசையில் இருக்கிற தாய் மாதிரி, சுப்புலட்சுமியின் உதடும் கூடவே அசைந்தது.

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்படறனுங்க."

"காலைல எந்திரிக்காமயே போயிட்டா நல்லதுன்னு தோணுதுங்களா?"

சுப்புலட்சுமியின் உதடு 'இல்லீங்க' என்று அசைந்தது. மருதாசலத்தின் வாயும் அதற்குத்தான் திறந்தது. வெளியே யாரோ பங்காளி, "மாப்ள ரெடியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"மேடம்," என்றார். "இந்த ஆடிட் ஃபெயிலுங்க."

"என்னங்க சார்?"

"ஃபெயில்னு போடுங்க மேடம். நான் சொன்னது ஒண்ணும் நெசமில்லீங்க. மொதல் வாரத்துலிருந்தே இல்லீங்க. ரெண்டு மணிக்கு முழிச்சா விடியற வரைக்கும் தூக்கம் இல்லீங்க. சோறு மண்ணாட்டம் இருக்குதுங்க, முழுங்கிப்போடறேன். அப்பறம் நீங்க கடைசியாக் கேட்டது..." நிறுத்தி, மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "தினமுந் தோணுதுங்க. இன்னைக்குக் காத்தாலயுந் தோணுச்சு. தெய்வாத்தாக்காவுக்கும் ஆத்தப்பண்ணாவுக்கும் சொல்லிக் குடுத்ததும் நான்தானுங்க."

"அது தெரியுங்க சார். அந்த மரம் ஒல்லி மரம்," என்றார் டாக்டர். பிறகு சிரிப்பில்லாமல், "உங்களையும் சந்தேகப்பட்டேன். நீங்க அவ்வளவு நல்லாச் செஞ்சீங்க, நானும் நம்பிட்டேன்," என்றார்.

"உங்களுக்கு நன்றி காட்டோணும்னுதான் மேடம். இத்தனை பாடுபடறீங்க. உங்ககிட்ட வந்து கொணமாகலைன்னு சொல்ல வாய் வரலீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரமாயிற்று. "இப்பச் சொன்னீங்களே, இதுக்குத்தான் நான் உங்களுக்கு நன்றி சொல்லோணும். மாத்திரை வேலை செய்யலைன்னு தெரிஞ்சாத்தானே அடுத்தது என்ன செய்யறதுன்னு நான் பாக்க முடியும்? இன்னும் நாம செஞ்சு பாக்காதது நெறைய இருக்குதுங்க சார். அந்த நெனப்பு வாரப்பெல்லாம் மணியடிங்க. எந்நேரமானாலும் யாராச்சும் வந்து உங்க பக்கத்துல உக்காருவாங்க. நானே வாறேன்."

மருதாசலம் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள், வேலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி.

"ஏனுங்க, இதைய என்றகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீ ஆசையா இருந்தியே சுப்பு."

"நான் ஆசையா இருந்தனா? போன்ல நீங்க ஆடிட்டருகிட்டப் பேசற குரல்ல பேசறப்பவே எனக்குப் பகீர்னு இருந்துச்சு. முப்பது வருசமா அந்தக் குரலக் கேக்கறனுங்க. வெள்ளைக்காரனுக்குச் சொல்ற பதில எனக்குச் சொன்னா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அப்பறம் ஏன் ஒப்பிச்சே? கூடவே வாய அசைச்சே?"

"நெசமா இருந்தா நல்லா இருக்குமேன்னுதான்," என்றாள் சுப்புலட்சுமி. அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. அதைத் துடைத்துக்கொண்டே டாக்டரைப் பார்த்தாள். "எத்தனை நாளானாலும் வச்சுக்குங்க மேடம். நான் எங்கயும் போயிடமாட்டேன். அவரும் எங்கயும் போயிடப்படாது. அது போதும்."

"பஸ்ஸுல வந்தவங்க?" என்றார் மருதாசலம்.

"அவிய நான் கூப்புட்டா வந்தாங்க? உங்க பங்காளிக பஸ்ஸப் புடிச்சதுக்கப்பறந்தான் எனக்கே தெரியும். இருங்க."

அவள் வெளியே போய் நின்று, பள்ளிக்கூட வாத்தியார் குரலில், "அவருக்கு இன்னும் கொணமாகலீங்க. அவரே சொல்லிட்டாரு. இன்னுங் கொஞ்ச நாள் இங்கதான் இருப்பாரு. வந்ததுக்கு நெம்பச் சந்தோசம்," என்றாள். வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிற பெரிய மச்சான் வாயைத் திறந்தார். சுப்புலட்சுமி பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அவர் தொண்டையிலேயே செத்தது. அதற்குப் பதிலாக, "அப்ப, அடுத்த வாட்டி வாறோம் மாப்ள. பஸ்ஸு நம்முளுதுதான்," என்றார். இளநீரையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். தோப்பில் இருந்தவர்கள் அதற்கப்புறம் ஒரு வாரம் தண்ணீர் குடிக்கவில்லை.

தெய்வாத்தாளுக்குப் பிறகு மருதாசலம் காந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். மாத்திரையும் மாறியது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. திங்கள்கிழமைகளில் வரிசையாக ஃபெயிலானார். முப்பது வருஷம் சேர்த்து வைத்த பெயரெல்லாம் அந்த அறையில் போயிற்று. "இன்னைக்கும் மோசமுங்க மேடம்," என்பார். "சரிங்க சார்," என்பார் டாக்டர், தங்க மெடல் வாங்கியவரைப் பார்ப்பது போல. மணியடித்த ராத்திரிகளும் இருந்தன. ஆள் வந்தது. பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர்களுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு நாள் மருதாசலம் தூங்கிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சுப்புலட்சுமி வழக்கம் போலப் போனில் பேசிவிட்டு, "அப்ப ஞாயித்துக்கெழமை வாறேனுங்க," என்றாள்.

"வாறப்ப காளான் வாங்கிட்டு வா," என்றார்.

"என்னது?"

"காளான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில மசாலாப் போட்டு வறுத்துத் தர்றானே, அது. வெங்காயம் சாஸ்தியாப் போடச் சொல்லு."

மூன்று வருஷத்தில் அவர் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டதில்லை.

"சுப்பு? லைன்ல இருக்கறியா?"

"இருக்கறனுங்க," என்றது ஒரு குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெங்காயம் சாஸ்தி. எழுதிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்கிவந்த காளானைப் பார்த்தால், தள்ளுவண்டிக்காரர் வண்டியை விற்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று தோன்றும். மூடி போட்ட தூக்குப்போசி தூக்குப்போசியாக ஆட்டோவிலிருந்து இறங்கியது. ஆத்தப்பன் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்த மாதிரி எண்ணெய்ப் பண்டமெல்லாம் உள்ளே விடக் கூடாது என்று தடுக்க வந்த டாக்டர் நித்யஸ்ரீயின் கையிலும் சுப்புலட்சுமி ஒரு பிளேட்டைத் திணித்தாள்.

"ஒரு வாய் மட்டுந்தானுங்க," என்று சொல்லி டாக்டர் தின்ன ஆரம்பித்தார். பாதி பிளேட் காலியான பிறகு வேலை ஞாபகம் வந்து, எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருதாசலத்தைப் பார்த்தார்.

"சார், இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

மருதாசலம் வாய் நிறைய வைத்திருந்தார். சொல்ல முடியவில்லை. கையை மட்டும் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் மென்றார்.

டாக்டர் பொறுத்துக்கொண்டார்.